கூடிச்சு என்பதும் குடிச்சு என்பதும்

1

"தமிழ்ப் பிரதிகள் முடிந்துவிட்டன. மறுபதிப்புக்கு முன் திருத்தம் ஏதும் உண்டா? வெள்ளிக்கிழமைக்குள் அறிவிக்கவும்." கனடாவில் நான் பகுதிநேரமாக வேலை செய்யும் சுகாதாரக் கந்தோரிலிருந்து போன வாரம் வந்த மின்னஞ்சலில் இவ்வளவுதான் இருந்தது. கீழே உண்டு, இல்லை என இரண்டு கட்டங்கள். ஒன்றில் அடையாளமிட்டால் போதும். எந்தக் கேள்விக்கும் மூன்று விநாடிக்குள் விடை சொல்ல மேடையில் பழகியவள் நான். அந்த இரண்டு கட்டங்களின் முன்னால் நான்கு நாட்கள் இருந்தேன்.

மன்னார்த் தீவிலிருந்து இதை வாசிப்பவர்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். பள்ளிக் காலத்தில் விவாத அணித் தலைவி. என் பெயர் வாசிக்கப்பட்டதும் எதிரணியினர் தண்ணீர்ப் போத்தலைத் தேடுவார்கள் என்று நடுவர் ஒருவர் பகிடி விட்டதுண்டு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமை ஒரு வீட்டில் என்ன செய்தது என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மின்னஞ்சல் குறிப்பிட்ட துண்டுப்பிரசுரம் ஒருவகைச் சாவைத் தடுப்பதற்கானது. கனடாவில் உடம்பு முறிய வேலை செய்து காயப்பட்டவர்களுக்கு வைத்தியர்கள் வலிக்குளிகை எழுதிக் கொடுப்பதுண்டு. அவற்றுள் ஒருவகை அபினின் குடும்பம். நம் கரையில் 'தூள்' என்கிறோமே, அதற்கும் இதற்கும் வேர் ஒன்றுதான். வைத்தியர் நிறுத்திய பின்னும் உடம்பு கேட்கும். கேட்டால் வெளியில் வாங்குவார்கள். வெளியில் விற்கும் குளிகையில் என்ன கலந்திருக்கிறது என்பது விற்பவனுக்கே தெரியாது. அளவு மீறினால் ஆள் துடிப்பதில்லை, கத்துவதில்லை. நித்திரை கொள்பவரைப் போலவே கிடப்பார். மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றுபோகும். அவரை மீட்பதற்கு மூக்கினுள் அடிக்கும் மருந்து ஒன்று உண்டு. நலொக்சோன் என்பது அதன் பெயர். மருந்துக்கடையில் கேட்டால் இலவசமாகத் தருவார்கள். ஆனால் இது நித்திரையில்லை என்று பக்கத்தில் இருப்பவர் கண்டுகொள்ள வேண்டும். கண்டுகொள்ளும்படி சொல்வதுதான் துண்டுப்பிரசுரத்தின் வேலை. அதன் தமிழை எழுதியவள் நான்.

2

முதற் பதிப்பின் தலைப்பை இங்கே அப்படியே தருகிறேன்: "மிகைநச்சேற்றம்: விழிப்பே காப்பு." அதன் கீழே, "ஆழ்துயில், சுவாசத் தாழ்வு, தொண்டையில் அடைப்பொலி ஆகியன அறிகுறிகள். உடன் நாசித்துவாரத்தில் மாற்றுமருந்தினை உட்செலுத்துக."

எழுதி முடித்த அன்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. கந்தோரில் என் மேலாளர் ஜமேக்காவில் பிறந்த ஒரு தாதி. தமிழ் எழுத்துகளைச் சித்திரம் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, "இது உன் அம்மாவுக்கு விளங்குமா?" என்று கேட்டார். எங்கள் மொழியின் வயதை அவருக்கு விளக்கினேன். உயிர்காக்கும் செய்தியைக் கொச்சையில் சொல்வது அந்த உயிரையே கொச்சைப்படுத்துவதாகும் என்றேன். அவர் கேட்ட கேள்விக்கு நான் விடை சொல்லவேயில்லை என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. கேள்வியைத் திசைதிருப்பி வெல்வது மேடையில் ஒரு கலை.

கந்தோர் விதிப்படி மொழிபெயர்ப்பை இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிச் சரிபார்க்க வேண்டும். அவர் இந்தத் துறையில் பட்டம் பெற்றவர். ஒரு சொல்லும் பிசகாமல் திரும்பி வந்தது. படித்த ஒருத்தி எழுதியதைப் படித்த இன்னொருவர் விளங்கிக்கொண்டார். கோப்பில் 'பிழையில்லை' என்று பதிவாயிற்று. அத்தோடு நிற்காமல், இனி எல்லாத் தமிழ் வெளியீடுகளும் இந்தத் தரத்திலேயே அமைய வேண்டும் என்ற வழிகாட்டிக் குறிப்பையும் நானே எழுதிக் கொடுத்தேன்.

பிரதி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீடு என்றால் என்னுடையதன்று. மன்னார்த் தீவின் பேசாலையைச் சேர்ந்த செல்வம் அண்ணனும் றெஜினா அக்காவும் வாங்கிய வீட்டின் நிலக்கீழ் அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். ஊரில் கடற்றொழில் செய்தவர் இங்கே கூரை வேலைக்குப் போனார். ஏணியிலிருந்து விழுந்து முதுகை உடைத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து வலிக்குளிகையின் தயவில் மீண்டும் ஏணியில் ஏறினார். றெஜினா அக்கா என் துண்டுப்பிரசுரத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினார்.

"எங்கட ஊர்ப் பிள்ளை எழுதினது. வாறாக்கள் பாக்கட்டும்."

செல்வம் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார்.

"நல்லாயிருக்கு, பிள்ளை. இதைத் தமிழில ஆர் மொழிபெயர்ப்பினம்?"

அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளூரக் கோபம். அவர்களுடைய மகள் டயானா பன்னிரண்டு வயதுக்காரி. தமிழ் கேட்பாள், எழுத்துக் கூட்ட மாட்டாள். ஆக, என்னைத் தவிர எவருக்கும் விளங்காத ஓர் எச்சரிக்கை அந்தச் சமையலறையில் எட்டு மாதம் தொங்கியது.

3

அது ஒரு சனிக்கிழமை மதியம். ஆலய மண்டபம் ஒன்றில் சுகாதாரக் கண்காட்சி மேசையருகில் நின்றுவிட்டு, மாதிரிக்குக் காட்டிய நலொக்சோன் பெட்டி கைப்பையில் கிடக்க, இரண்டு மணியளவில் வீட்டுக்கு வந்தேன். றெஜினா அக்கா வாசலிலேயே உதட்டில் விரல் வைத்தார்.

"மெல்ல வா, பிள்ளை. இண்டைக்குத்தான் மனுசன் நல்லா நித்திரை கொள்ளுது. குறட்டையைக் கேளன்."

கேட்டேன். யன்னல் திரை இழுத்து மூடப்பட்டிருந்தது. செல்வம் அண்ணன் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். அக்கா அவருக்குப் போர்வையும் போர்த்தியிருந்தார். வலியால் மாதக்கணக்காக நித்திரையில்லாத கணவன் உறங்குகிறானே என்று தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்து, மகளையும் மேல்மாடிக்கு அனுப்பியிருக்கிறார். மகள் போகுமுன், அப்பாவின் சத்தம் சரியில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். பாடசாலையில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "சும்மா இரு, அவரை எழுப்பாத" என்பது தாய் சொன்ன மறுமொழி.

அந்த ஒலியைப் பயிற்சி வகுப்பில் ஒலிப்பதிவாக ஒருமுறை கேட்டிருந்தேன். தண்ணீருக்குள் யாரோ குறட்டை விடுவது போன்ற ஒலி. திரையை இழுத்துத் திறந்தேன். நாவற்பழம் தின்றவருடைய உதடு போல அவர் உதடு கறுத்திருந்தது. பெயர் சொல்லிக் கத்தினேன், தோளை உலுக்கினேன், நெஞ்செலும்பில் விரல்முட்டியால் தேய்த்தேன். எதற்கும் அசைவில்லை.

மேலேயிருந்து ஓடி வந்த டயானா நான் சொல்லுமுன்பே அவசர இலக்கத்தை எடுத்துவிட்டாள். அக்கா அவள் கையைப் பிடித்தார்.

"வேண்டாம், வேண்டாம். பொலிஸ் வருமோ? பிள்ளை, பொலிஸ் வருமோ?"

அம்புலன்சை அழைத்ததற்காக, சொந்தப் பாவனைக்கு வைத்திருந்தவரைப் பிடிக்க மாட்டார்கள் என்ற சட்டம் இங்கே உண்டு. அதையும் நான் எழுதியிருந்தேன், கடைசிப் பந்தியில், "சட்டப்பாதுகாப்பு ஏற்பாடுகள்" என்ற உபதலைப்பின் கீழே. எழுதியவளின் வாய் அந்த நேரத்தில் திறக்கவில்லை. குறிப்புத்தாளின்றி அரைமணி நேரம் பேசக்கூடிய நான், பெட்டியை உடைக்கத் தெரியாமல் பல்லால் கிழித்தேன். ஒரு மூக்குத் துளையில் அடித்தேன். மறுமுனையில் இருந்தவர் சொல்லச் சொல்ல, டயானா அதை எனக்குத் திருப்பிச் சொல்ல, தலையைச் சாய்த்து அவர் வாயில் மூச்சூதினேன். மூன்று நிமிடம் இருக்கும். மற்றத் துளையில் இரண்டாவதை அடித்தேன். அம்புலன்ஸின் சத்தம் தெருமுனையில் கேட்கையில் அவர் மார்பு தானாக ஒருமுறை உயர்ந்தது.

அன்று மாலை ஆஸ்பத்திரி நடைவழியில் அக்கா என்னிடம் கேட்டது குற்றச்சாட்டன்று. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

"குறட்டையெண்டெல்லோ நான் நினைச்சன். நீ எழுதினதில குறட்டையெண்டு ஒரு இடத்திலயும் இல்லையே, பிள்ளை?"

இல்லை. 'தொண்டையில் அடைப்பொலி' என்று இருந்தது.

4

மறுநாள் அக்கா பேசாலைக்குத் தொலைபேசி எடுத்தார். மறுமுனையில் செல்வம் அண்ணனின் தம்பி மரியதாஸ். கரையில் நின்றார், பின்னால் யாரோ படகு இயந்திரத்தை முடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அக்காவின் பக்கத்திலேயே இருந்தேன், ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"மச்சான், அவருக்கு மருந்து கூடிச்சு, ஆஸ்பத்திரியில கிடக்கிறார்."

"என்ன? கேக்கேல்லை, மச்சாள்."

"மருந்து கூடிச்சு... ஆஸ்பத்திரியில..."

"ஐயோ, மாதாவே!"

தொடர்பு அறுந்தது. அடுத்த அழைப்பு வரும்போது செய்தி நம் கையை விட்டுப் போயிருந்தது. காற்றும் இயந்திரமும் சேர்ந்து ஒரு நெடிலைக் குறிலாக்கியிருந்தன. அவர் கேட்டது: "மருந்து குடிச்சு ஆஸ்பத்திரியில கிடக்கிறார்."

நம்மவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. நானாட்டான் பக்கத்து வயலில் பூச்சிக்கு அடிப்பதும் மருந்துதான், காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்துதான். ஆனால் ஒருவர் 'மருந்து குடித்தார்' என்றால் அதற்கு ஒரே பொருள்தான். சாக நினைத்தார் என்பது. அன்று பின்னேரம் செல்வம் அண்ணனின் தாய் வீட்டில் செபமாலை சொன்னார்கள். ஊரே வந்தது. அடுத்த கேள்வி இயல்பாக எழுந்தது: நல்லாயிருந்தவன் ஏன் குடித்தான்? விடையும் இயல்பாக வந்தது. தாயின் குரற்பதிவு செவ்வாய்க்கிழமை அக்காவின் தொலைபேசிக்கே வந்து சேர்ந்தது.

"என்ர பிள்ளையை மருந்து குடிக்க வைச்சவள் அவள்தான். அவளின்ர வாய்தான். இனி அவள் என்னோட கதைக்க வேண்டாம்."

அக்கா அதை ஒருமுறைதான் கேட்டார். தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களையப் போனார்.

இது எனக்கு இலகுவான வழக்காகத் தோன்றியது. ஓர் எழுத்துத்தானே? நெடிலைத் திருப்பி வைத்தால் நீதி கிடைத்துவிடும். வீட்டுக்குத் திரும்பியிருந்த செல்வம் அண்ணனிடம், நானே மரியதாசுக்கு எடுத்து விளக்குகிறேன் என்றேன்.

"விடு, பிள்ளை."

"அண்ணை, அக்காவைப் பிழையா நினைக்கினம்."

"மருந்து குடிச்சவன் எண்டால் செபமாலை சொல்லுவினம். தூள்காரன் எண்டால் வாசலுக்கும் வரமாட்டினம்."

"நீங்கள் தூள்காரன் இல்லை. முதுகு வலிக்குக் குளிகை போட்டனீங்கள்."

அவர் தன் தொலைபேசியைக் கையில் எடுத்தார்.

"போதையில் விழுந்தவன் புதைக்கப்படாத பிணம். ஆர் சொன்னது?"

நான்தான் சொன்னேன். பேசாலைப் பெருநாள் மேடையில், பதினெட்டு வயதில். 'பிணம்' என்ற சொல்லில் குரலைத் தாழ்த்தி, ஒரு கணம் நிறுத்தி, கைதட்டலுக்கு இடம் விட்டேன். அந்தக் காணொளி செல்வம் அண்ணனின் தொலைபேசியில் இருந்தது. ஊர்ப் பிள்ளையின் திறமை என்று கூரையில் நிற்கும் சிங்களத் தொழிலாளி ஒருவருக்கும் போட்டுக் காட்டியவர் அவர்.

"என்ர அம்மா முன் வரிசையில இருந்து கைதட்டினவ. விடியோவில தெரியும், பாரன். அவவுக்கு நான் இப்ப போய், அம்மா அந்தப் பிணம் நான்தான் எண்டு சொல்லுறதோ?"

அந்தப் பேச்சுக்கு முதற்பரிசு கிடைத்தது. பேச்சுக்காக யாரையும் சந்தித்திருக்கவில்லை. தலைமன்னார் வீதியோரப் போதையெதிர்ப்புப் பலகைகளில் வரைந்திருந்த மண்டையோடுகளும் ஓர் அகராதியும் போதுமாயிருந்தன. இன்று யோசிக்கிறேன்: அந்தக் கூட்டத்தில் எத்தனை வீட்டுக்காரர் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய், உள்ளறையில் கிடக்கும் ஒருவரைப் பற்றி இனி எவரிடமும் வாய் திறப்பதில்லை என்று முடிவெடுத்திருப்பார்கள்? உதவி கேட்கக்கூடிய வாய்களை நான் என் குரலால் மூடினேன்.

5

செல்வம் அண்ணன் சிகிச்சைக்குச் சம்மதித்தார். ஒவ்வொரு காலையும் மருந்துக்கடைக்குப் போய், கடைக்காரரின் கண்முன்னே ஒரு சிறு கோப்பை திரவத்தைக் குடித்துவிட்டு வரவேண்டும். உடம்பு கேட்பதை அடக்கி, வெளிக்குளிகையின் பக்கம் போகாமல் வைத்திருக்கும் மருந்து அது. தொப்பியை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது உரத்துச் சொல்வார்:

"றெஜினா, நான் மருந்து குடிச்சிட்டு வாறன்."

"போங்கோ, போங்கோ. ஊரில சொன்னது பலிச்சிட்டுது."

முதன்முறை இருவரும் சிரித்தார்கள். பிறகு அக்கா சிரிப்பதைக் குறைத்தார். மாதங்கள் போயின. ஊரிலிருந்து நத்தார்ப் பண்டிகை வாழ்த்து செல்வம் அண்ணனுக்கும் டயானாவுக்கும் மட்டும் வந்தது. ஆலயத்தில் நம்மூர்ப் பெண்கள் அக்காவைக் கண்டதும் கதையை மாற்றினார்கள். கணவன் ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்காமலே கேட்கும் பார்வைகள் வந்தன. அவர் எவரிடமும் தன் பக்கத்தைச் சொல்லவில்லை. ஒரு சொல் சொன்னால் தன் பெயர் மீளும், கணவனின் பெயர் போகும் என்று அவருக்குத் தெரியும். விவாத மேடைகளில் மௌனம் தோல்வி என்று கணக்கிடப்படும். அதைப் படித்துத்தான் நான் வளர்ந்தேன்.

மறுபதிப்பு மின்னஞ்சல் வந்த அதே வாரம் ஊரிலிருந்து ஒருவர் கையில் பொதி வந்தது. தாய் அனுப்பிய பாரைக் கருவாடு. பொதியின் மேலே மரியதாசின் கையெழுத்து: "அண்ணனுக்கும் பிள்ளைக்கும்." அக்கா வாசித்தார். கழுவினார், பொரித்தார், இரண்டு சாப்பாட்டுக் கோப்பைகளில் போட்டுக் கணவனுக்கும் மகளுக்கும் முன்னால் வைத்தார். தனக்குச் சம்பலும் சொதியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அம்மா, உங்களுக்கு?" என்றாள் டயானா. அவள் தமிழில் கேட்டாள் என்பதை நான் பிறகுதான் கவனித்தேன்.

"எனக்கு வேண்டாம். வயித்துக்குச் சரியில்லை."

செல்வம் அண்ணன் கருவாட்டைக் கையில் எடுத்தார், திரும்ப வைத்தார். கோப்பையைத் தள்ளினார். என்னைப் பார்த்துச் சொன்னார்:

"பிள்ளை, நீ ஊர்ப் பேப்பருக்கு எழுதுறனீ எல்லோ? எழுது."

"என்னத்தை அண்ணை?"

"நடந்ததை. ஆனா பேரை மாத்தாத. பேரை மாத்தினாப் பேந்து இவளின்ர பேர் எப்பிடித் திரும்பி வரும்?"

அக்கா எழுந்து குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே மீண்டும் கழுவினார். "பைத்தியமோ உங்களுக்கு? உங்கட அம்மா தாங்க மாட்டா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். செல்வம் அண்ணன் அவர் முதுகைப் பார்த்துச் சொன்னார்:

"நீ தாங்கினனீதானே?"

6

கட்டங்களில் 'உண்டு' என்பதில் அடையாளமிட்டேன். புதிய தமிழை அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன்:

"குறட்டை எண்டு விட்டிடாதேங்கோ. தட்டுங்கோ. பேர் சொல்லிக் கூப்பிடுங்கோ. எழும்பேல்லையெண்டால் அம்புலன்சுக்கு எடுங்கோ, மூக்குக்குள்ள மருந்தை அடியுங்கோ. கூப்பிட்டதுக்காகப் பொலிஸ் பிடிக்காது. வெக்கத்தைப் பேந்து பாக்கலாம்."

வெட்கத்தைப் பிறகு பார்க்கலாம் என்ற அந்தக் கடைசி வரியை என்னால் எழுதியிருக்க முடியாது. பேச்சுமொழி வழிகாட்டிக்கு முரணானது என்று கந்தோர் திருப்பி அனுப்பியது. வழிகாட்டி என்னுடையது. அதைத் தளர்த்தக் கோரும் படிவத்தில் காரணம் எழுத மூன்று வரி இடம் இருந்தது. "முதற் பதிப்பை அந்த வீட்டில் எவராலும் வாசிக்க முடியவில்லை" என்று ஒரு வரியில் முடித்தேன். முடிவு இன்னும் வரவில்லை.

பேசாலையில் இதை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். செல்வம் அண்ணனின் தாயாருக்குக் கண் தெளிவில்லை. உங்களில் எவராவது போய் அவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். 'கூடிச்சு' என்ற இடத்தில் நெடிலை அழுத்தி வாசியுங்கள். அவருடைய மகன் சாக நினைக்கவில்லை. முதுகு வலிக்கு எடுத்த குளிகையில் அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அவருடைய மருமகள் மகனை எங்கும் தள்ளவில்லை. நித்திரை கொள்ளட்டும் என்று போர்வை போர்த்தினார். பிணம் என்று நான் சொன்னதற்கு அன்று அந்தத் தாய் கைதட்டினார். அந்தக் கைதட்டலை நான் திருப்பிக் கொடுக்கிறேன். உங்கள் வீட்டு உள்ளறையிலும் ஒருவர் கிடந்தால், அவரைப் பற்றியும் நான் பொய்தான் சொன்னேன்.

இந்த எழுத்தை அனுப்புமுன் அண்ணனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அவர் கதிரையில் சாய்ந்தார், நான் எதிரே இருந்து வாசித்தேன். கரையில் மரியதாஸ் நின்ற இடம் வரும்போது அவருடைய கண்கள் மூடியிருந்தன. வாசிப்பதை நிறுத்தினேன். அவர் நெஞ்சைப் பார்த்தேன். எழுந்தது, தாழ்ந்தது. அடுத்தது வரச் சற்று நேரமாயிற்று, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

என் குரல் நின்றதைக் கேட்டு அடுப்படியிலிருந்து அக்கா கரண்டியோடு வந்துவிட்டார்.

"என்ன பாக்கிறாய்? தட்டு, பிள்ளை, தட்டு!"

தோளில் தட்டினேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"நித்திரையில்லை," என்றார். "கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். வாசி."